நீளத்தை அளந்தால் போதுமா?

ரத்த செல்களில் டெலோமியரின், அதாவது குரோமோசோம் நுனியின், நீளத்தை அளந்து 'உங்கள் உடலின் உண்மையான வயது இதுதான்' என்று அறிக்கை தரும் பரிசோதனைகள் இணையத்தில் விற்கின்றன. நீளத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் மாத்திரைகளும் கூடவே வந்துவிட்டன. குரோமோசோமின் நுனியை ஷூ லேஸின் முனையிலுள்ள பிளாஸ்டிக் குப்பியோடு ஒப்பிட்டு எழுதி எழுதி, தேய்வதைத் தவிர அதற்கு வேறு கதையே இல்லை என்று ஆக்கிவிட்டோம். செல் பிரியப் பிரிய நுனி குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த நுனியைக் காப்பதில் நீளத்துக்கு உள்ள பங்கு பாதிகூட இல்லை என்பேன். மீதி வேலை புரதங்களுடையது. அதிலும் செல் பிரிதலை நடத்தும் புரதங்களின் பங்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

செல்லின் கண்ணுக்கு டிஎன்ஏவின் எந்த முனையும் ஒரு முறிவுதான். முறிவைக் கண்டால் பழுது பார்க்கும் புரதங்கள் ஓடிவந்து ஒட்டிவிடும். இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்டால், அடுத்த பிரிதலில் இரு பக்கமும் இழுபட்டு வேறோர் இடத்தில் அறுந்துபோகும். அறுந்த முனைகள் மறுபடி ஒட்டும், மறுபடி அறுபடும். பார்பரா மக்லின்டாக் இந்தச் சுழற்சியை 1930களின் இறுதியிலேயே மக்காச்சோளத்தில் கண்டு எழுதினார். நுனியை இப்படி ஒட்டவிடாமல் தடுப்பது எது? நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டிடியா டி லாங்கேயின் குழு 1998-இல் மனித செல்களின் நுனியிலிருந்து டிஆர்எஃப்2 என்ற புரதத்தை அகற்றிப் பார்த்தது. குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டன. ஒட்டிய இடத்திலோ டெலோமியருக்கே உரிய டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து வரிசை திரும்பத் திரும்ப அப்படியே இருந்தது. நீளம் இருந்தும் காவல் இல்லை.

காவல் எல்லா நேரமும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. குரோமோசோம்கள் சுருண்டு, இரண்டாகப் பிரியும் கட்டத்தில் செல் ஒரு விசித்திரமான முடிவை எடுக்கிறது: டிஎன்ஏ முறிந்திருந்தாலும் அப்போது பழுது பார்ப்பதில்லை. பிரிதலை முன்னின்று நடத்தும் சிடிகே1, பிஎல்கே1 என்ற நொதிகள், பழுது பார்க்கும் புரதங்கள் மீது பாஸ்பேட்டை ஏற்றி, அவை முறிவில் சென்று அமராதபடி செய்துவிடுகின்றன. இந்தத் தடையை வேண்டுமென்றே நீக்கினால் என்ன நடக்கும் என்று டொரன்டோவில் டேனியல் டுரோஷேயின் குழு சோதித்தது. 2014-இல் வெளியான விடை: பழுது பார்க்கும் வேலை நடந்தது, ஆனால் கூடவே டெலோமியர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்தக் கட்டத்தில் நுனிகளின் காவல் தளர்ந்திருக்கிறது. தளர்வதில் அரோரா பி என்ற இன்னொரு பிரிதல் நொதிக்கும் பங்கு உண்டு. ஒரு பிரிதல் நொதி தளர்த்துவதால் வரும் ஆபத்தை மற்றவை தடுக்கின்றன. இந்த ஏற்பாட்டை நீள அறிக்கையின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

டெலோமியர் மிகவும் குட்டையானால் எலும்பு மஜ்ஜை செயலிழப்பதும் நுரையீரல் தழும்பேறுவதும் தெரிந்ததுதானே என்று கேட்கலாம். சரிதான். அப்படிப்பட்ட பரம்பரை நோய்களைக் கண்டறிய மருத்துவர் கேட்கும் நீள அளவீடு மிகவும் பயனுள்ளது. அதை வைத்து, ஆரோக்கியமான ஒருவரின் சாதாரண அளவுக்கு வயது சொல்வதுதான் தாவல். ஒரே வயதுக்காரர்களிடையே அந்த அளவு வெகுவாக வேறுபடும். நீளமே ஆயுள் என்றால், மனிதரைவிடப் பல மடங்கு நீளமான டெலோமியர் கொண்ட ஆய்வக எலி இரண்டு மூன்று வருடத்தில் சாகக்கூடாது. பிஓடி1 மரபணுவில் பிறவியிலேயே பிழை உள்ள சில குடும்பங்களில் டெலோமியர் நீளமாக இருப்பதோடு மெலனோமா என்ற தோல் புற்றுநோயும் வருகிறது. மாத்திரை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இதெல்லாம் ஆய்வகத் தட்டில் வளரும் செல்களின் சமாச்சாரம் என்பது அடுத்த ஆட்சேபம். ஆனால் ஈஸ்ட்டில் தொடங்கிய ஒரு தடம் மனித நோய் வரை வருகிறது. லீலண்ட் ஹார்ட்வெல் ரொட்டி ஈஸ்ட்டில் செல் பிரிதலை நிறுத்தும் பிழைகளைத் தேடியபோது கிடைத்தவற்றில் ஒன்று சிடிசி13 (CDC13) மரபணுவில் இருந்தது. குரோமோசோம் நுனியைக் காப்பதே அந்த மரபணு தரும் புரதத்தின் வேலை என்பது 1995-இல் அவர் குழுவின் ஆய்விலேயே தெரியவந்தது. மனித உடலில் அதற்கு ஈடான இடத்தில் சிடிசி1 (CTC1) என்ற புரதம் இருக்கிறது. அதன் மரபணு கெட்டால் விழித்திரை, மூளை, எலும்பு எல்லாம் பாதிக்கப்படும் கோட்ஸ் பிளஸ் என்ற நோய் வருகிறது என்று 2012-இல் கண்டறிந்தார்கள். அந்த நோயாளிகளில் எல்லோருக்குமே டெலோமியர் குட்டையாக இருந்தது என்றும் சொல்ல முடியாது.