சைவம் சாப்பிட்டாலும் கல்லீரல்ல கொழுப்பு சேரும்!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரை படிங்க.

"நாங்க குடிக்கிறது இல்ல, கவிச்சி தொடுறது இல்ல. எங்களுக்கு எப்படிங்க ஃபேட்டி லிவர் வரும்?" அன்னதானப் பந்தியில பரிமாறும்போது இந்தக் கேள்வியை நிறைய பேர்கிட்ட கேட்டாச்சு. கேக்குறவங்க எல்லாம் நல்லவங்க, விரதம் தவறாம இருக்கிறவங்க. ஆனா கல்லீரல் சைவமா அசைவமான்னு பார்க்காது. என்ன உள்ள வருது, எவ்வளவு வருதுன்னுதான் பார்க்கும்.

நாம போடுற சீனியில பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுக்க பயன்படுத்திக்கும். ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்குத்தான் போகும். அளவுக்கு மீறி வந்தா, கல்லீரல் அதைக் கொழுப்பா மாத்தி தன்கிட்டயே சேர்த்து வைக்கும். அப்படிச் சேர்ந்த கொழுப்பு கல்லீரல்ல 5 விழுக்காட்டைத் தாண்டினா அதுக்குப் பேர்தான் ஃபேட்டி லிவர். மதுவே தொடாதவங்களுக்கும் வரும். கவனிக்காம விட்டா சிலருக்கு வீக்கம், அப்புறம் தழும்பு, கடைசியில கல்லீரல் சுருக்கம் வரைக்கும் போகும்.

எண்ணெய் விஷயமும் இருக்கு. 2014-ல சுவீடன் உப்சாலா பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு செஞ்சாங்க. ஒல்லியான இளைஞர்கள் 39 பேர், 7 வாரம் தினமும் கூடுதலா மஃபின் கேக் சாப்பிட்டாங்க. பாதிப் பேருக்கு செம்பனை எண்ணெயில செஞ்சது, மீதிப் பேருக்கு சூரியகாந்தி எண்ணெயில செஞ்சது. ரெண்டு பக்கமும் எடை ஏறக்குறைய ஒரே அளவுதான் ஏறுச்சு. ஆனா செம்பனை எண்ணெய் பக்கம்தான் கல்லீரல்ல கொழுப்பு அதிகமா ஏறுச்சு. காரணம் அதுல இருக்கிற நிறைவுற்ற கொழுப்பு. நெய், தேங்காப்பால், வனஸ்பதி எல்லாத்திலயும் அதே வகைதான் அதிகம். தொடவே கூடாதுன்னு சொல்லல. அளவு வேணும்னு சொல்றோம்.

பேக்டரியில மெஷின் கெடப்போகுதுன்னா முன்னாடியே சத்தம் வரும், சூடு ஏறும், நிப்பாட்டிப் பார்ப்போம். கல்லீரல் அப்படி இல்ல. பெரும்பாலும் வலிக்காது, சத்தம் போடாது. தெரியும்போது பாதி வேலை முடிஞ்சிருக்கும். அதான் பயமே.

நம்ம நாட்டு நிலவரத்தையும் பாருங்க. 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவங்கள்ல 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன். இனிப்பு நீர்ல இந்தியர்களாகிய நாமதான் முதல் இடம். இனிப்பு நீரும் தொப்பையும் ஃபேட்டி லிவரும் கூடப்பிறந்த மாதிரி, ஒண்ணு வந்தா மத்தது பின்னாடியே வரும்.

இப்போ கோயில் விஷயத்துக்கு வருவோம். புரட்டாசி சனிக்கிழமை கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்துக்குப் போனாலும் சரி, தைப்பூசத்துக்கு பத்துமலை ஏறினாலும் சரி, வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். ஆனா பேருதான் தண்ணீர்ப் பந்தல், கையில கிடைக்கிறது பெரும்பாலும் சிவப்பு சிராப்பு. அடுத்து பந்தியில உட்கார்ந்தா எண்ணெயில பொரிச்ச சைவ மட்டன், வடை, அப்பளம், பாயசம், சர்க்கரைப் பொங்கல். காலையில இருந்து பட்டினி கிடந்துட்டு ஒரே வேளையில இவ்வளவும். வீட்டுக்குப் போற வழியில பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு தே தாரிக். அதுல ரெண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால்னா, அதிலேயே சுமார் 20 கிராம் சீனி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரே கிளாஸ்ல ஏறக்குறைய கணக்கு முடிஞ்சிருச்சு.

அரசாங்கம் 2019 ஜூலையில இனிப்பு பானத்துக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 2025-ல அது 90 சென். ஆனா அந்த வரி கடையில விக்கிற டின், பாட்டிலுக்குத்தான். நாம அண்டாவுல கலக்குற சிராப்புக்கு வரியும் இல்ல, அளவும் இல்ல. அந்த அளவை நாமதான் வைக்கணும்.

"ஆண்டவன் சந்நிதியில கஞ்சத்தனம் பார்க்கலாமா?"ன்னு சிலர் கேப்பாங்க. நியாயமான கேள்விதான். நைவேத்தியத்துல யாரும் கை வைக்க வேண்டாம். சாமிக்குப் படைக்கிறது ஆகம முறைப்படி அப்படியே இருக்கட்டும். ஆனா பிரசாதம்னா உள்ளங்கையில வாங்கி கண்ணுல ஒத்திக்கிறது. டப்பா டப்பாவா கட்டிட்டுப் போறது பிரசாதம் இல்லீங்க, சாப்பாடு. அன்னதானம் பசியைத் தீர்க்கத்தான். வாங்கிச் சாப்பிட்டவரை நோயாளி ஆக்குறதுல புண்ணியம் எங்க இருந்து வரும்?

அதனால ஆலய நிர்வாகங்களுக்கும் உபயக்காரர்களுக்கும் எங்க வேண்டுகோள் இதுதான்:

1. தண்ணீர்ப் பந்தல்ல முன்வரிசையில பச்சைத்தண்ணி. அடுத்தது நீர்மோர். சிராப்பு கொடுத்தே ஆகணும்னா பாதி சீனி, சின்ன கப்.

2. பந்தியில பொரிச்சது ஒண்ணு போதும். மத்ததுக்குப் பதிலா சுண்டல், கீரை, காய்கறி. ஒரு தடவை பொரிச்ச எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம்.

3. பாயசத்துக்குப் பதிலா வாழைப்பழம், பப்பாளி உபயம் பண்ணலாம். அதுவும் உபயம்தான்.

4. பரிமாறும் தொண்டர்கள், போதும்னு கை காட்டினவங்களை வற்புறுத்த வேண்டாம்.

பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினா உஷாரா இருங்க. அரசு கிளினிக்ல குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான், போய்க் காட்டுங்க. ரத்தத்துல கல்லீரல் அளவு சரியா இருந்தாலும் கொழுப்பு இருக்கலாம். அதனால சந்தேகம் இருந்தா ஸ்கேன் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. இனிப்பு நீர் மாத்திரை, ஊசி போடுறவங்க டாக்டரைக் கேக்காம விரதம் இருக்காதீங்க.

நல்ல செய்தி என்னன்னா, ஆரம்பத்துல இது திரும்பக்கூடிய நோய். 80 கிலோ இருக்கிறவர் 6, 8 கிலோ நிதானமா குறைச்சாலே கல்லீரல்ல கொழுப்பு நல்லா இறங்கும். அதுக்கு விலை உயர்ந்த மருந்து வேண்டாம். கட்டுப்பாடு போதும். 48 நாள் விரதம் இருந்து காவடி எடுக்கிற நம்ம ஆளுங்களுக்கு கட்டுப்பாட்டைச் சொல்லியா கொடுக்கணும்? விரதம் முடிஞ்ச மறுநாளும் அதுல பாதியைக் கடைப்பிடிங்க, அது போதும்.

உங்க ஆலயத்துல இந்த மாத்தம் ஏற்கனவே நடந்திருந்தா கீழ எழுதுங்க, மத்தவங்களுக்கு உதவும். நிர்வாகத்துல இருக்கிறவங்களுக்குப் பகிருங்க.

எல்லாரும் நோய் நொடி இல்லாம நல்லா இருக்கணும்.