ஆலயத்தில் இடம் கிடைக்காத கதைமாந்தர்

என்ன நூல் வாசிக்கிறீர்கள் என்று நம் பேரவையில் யாரைக் கேட்டாலும் பதில்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வரும். கல்கி, அகிலன், மு.வ., ஜெயகாந்தன், சுஜாதா. சற்றுத் துணிந்தவர்கள் ஜெயமோகன் என்பார்கள். ஆங்கிலத்தில் வரும் கிறிஸ்தவக் காதல் நாவல்களும் மர்ம நாவல்களும் என்று நான் சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. “பைபிள் கதையா?” என்றாள் ஒரு தோழி. “காதலும் ஜெபமும் ஒரே புத்தகத்திலா?” என்றார் மூத்த மாணவர் ஒருவர். அதே பதிலை ஆலயத்தில் சொன்னால் வேறு விதமான முகச்சுளிப்பு. “நாவலா? அந்த நேரத்தில் வேதம் வாசிக்கலாமே பிள்ள!” இலக்கியம் பேசுவோருக்கு இவை வெறும் பக்திப் புத்தகங்கள், பக்தி பேசுவோருக்கோ வெறும் கதைப் புத்தகங்கள். இரண்டு வீட்டிலும் சோறு கிடைக்காத இந்தப் புத்தகங்களுக்காக நான் கொஞ்சம் வாதாட விரும்புகிறேன். அவற்றோடு எனக்குள்ள சண்டையையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் இவை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கனடாவைச் சேர்ந்த ஜேனட் ஓக் 1979இல் ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ என்ற நாவலை வெளியிட்டார். புல்வெளிக் குடியேற்றம் ஒன்றில் கணவனை இழந்த இளம்பெண், மனைவியை இழந்த ஒருவனைப் பிழைப்புக்காக மணந்துகொள்ளும் கதை. இந்த வகை நாவல்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது அதுதான் என்பார்கள். பிறகு வந்தவர்களில் பிரான்சின் ரிவர்ஸ் முக்கியமானவர். சாதாரணக் காதல் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர், 1986இல் விசுவாசத்துக்கு வந்தபின் எழுதி 1991இல் வெளியிட்ட நாவல் ‘ரிடீமிங் லவ்’. பழைய ஏற்பாட்டு ஓசியா தீர்க்கதரிசியின் வாழ்க்கையைக் கலிபோர்னியாவின் தங்கவேட்டைக் காலத்துக்குக் கொண்டுவந்தார். சிறுமியாக இருந்தபோதே விற்கப்பட்டு விலைமகளாக வளர்ந்த ஏஞ்சல், அவளை மணக்கும் விவசாயி மைக்கேல். 2022இல் அது திரைப்படமாகவும் வந்தது. மர்மம் வேண்டுமென்றால் டீ ஹெண்டர்சன் இருக்கிறார். அநாதை இல்லத்தில் வளர்ந்த ஏழு பேர், தாங்களே ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அண்ணன் தங்கையாக வாழ்வதைத் தொடர் நாவல்களாக எழுதியவர். துப்பாக்கி, வெடிகுண்டு, கடத்தல் எல்லாம் உண்டு. நடுநடுவே கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியும் உண்டு.

நான் திரிங்காப்பைச் சேர்ந்தவள். கேமரன்மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி கம்போங் ராஜா போகும் வழியில் இருக்கும் சிறு ஊர். சுற்றிலும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், அப்பால் தேயிலை. அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அப்பா காய்கறி லோரி ஓட்டுகிறார். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது நான் ஐந்தாம் படிவம். இணைய வசதி மலைக்காற்றைப் போல வந்து வந்து போகும். ஆலயத்தில் யாரோ விட்டுச்சென்ற ஒரு பெட்டி நிறைய ஆங்கில நாவல்கள் எங்கள் வீட்டில் வந்து கிடந்தன. எஸ்.பி.எம். தேர்வும் 2021க்குத் தள்ளிப் போயிற்று. பாடநூலுக்கும் பெட்டிக்கும் நடந்த போட்டியில் எது வென்றது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. (தேர்வில் தேறிவிட்டேன், கவலை வேண்டாம்.)

அந்தப் புத்தகங்கள் எனக்கு ஏன் அவ்வளவு முக்கியமாகப் பட்டன என்பதைச் சொல்ல, எங்கள் ஆலயத்தில் சொல்லப்படும் சாட்சிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஞாயிறு ஆராதனையில் ஒருவர் எழுந்து தம் வாழ்வில் கடவுள் செய்ததைச் சொல்வது சாட்சி. முன்பு குடித்தேன், மனைவியை அடித்தேன், சூதாடினேன், இப்போது விட்டுவிட்டேன். எல்லாரும் அல்லேலூயா என்பார்கள். தமிழ் இலக்கணம் படித்த மாணவியாகச் சொல்கிறேன்: சாட்சியில் பாவத்துக்கு இறந்தகாலம் மட்டுமே உண்டு. நிகழ்கால வினைமுற்றில் பாவத்தைச் சொல்லி ஒருவர் எழுந்து நிற்க முடியாது.

என் பெரியப்பா நிகழ்காலத்தில் குடிப்பவர். சம்சு குடித்துவிட்டுச் சனிக்கிழமை இரவு சத்தம்போடுவார்; ஞாயிறு காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் வந்து உட்காருவார். பாடல் புத்தகம் இல்லாமலே எல்லாப் பாட்டும் பாடுவார். அவர் நம்பிக்கை உள்ளவரா இல்லாதவரா? சபையில் இருந்தவர்களுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. எனக்கு இருந்தது. அதைக் கேட்பதற்குக்கூட எனக்குச் சொற்கள் இல்லை. ‘ரிடீமிங் லவ்’ நாவலில் ஏஞ்சல் ஒருமுறை மட்டும் ஓடிப்போவதில்லை. மணம் முடிந்த பிறகும், அன்பு கிடைத்த பிறகும் திரும்பத் திரும்ப ஓடுகிறாள். அந்த இடங்களைப் படித்தபோது பெரியப்பாவை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு ஓர் எண்ணம் பிறந்தது. ஒரு நாவலுக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கிறதா என்று தெரியவில்லை.

சரி, இனிச் சண்டைக்கு வருகிறேன்.

பத்துப் பதினைந்து நாவல்களுக்குப் பிறகு எனக்குச் சலிப்பு வந்தது. நாயகனோ நாயகியோ அவிசுவாசியாக இருந்தால், திருமணத்துக்கு முந்திய அத்தியாயத்துக்குள் மனந்திரும்பியாக வேண்டும். எந்தப் பக்கத்தில் முழந்தாளிடுவார்கள் என்று தடிமனைப் பார்த்தே சொல்லிவிடலாம். கெட்ட வார்த்தை கிடையாது. கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் அத்தகைய நாவல்களைப் பெரும்பாலும் அடுக்கில் வைப்பதில்லை. கொலைகாரனும் நாகரிகமாகவே திட்டுகிறான். குறையுள்ள மாந்தர் என்று பின்னட்டை சொன்னாலும் அந்தக் குறை பெரும்பாலும் பின்கதையில்தான் இருக்கிறது. அதாவது, மறுபடியும் சாட்சி. எங்கள் ஆலயத்துக் கடைசி வரிசை போலவே இந்தப் புத்தகங்களிலும் பெரியப்பாவுக்கு இடம் குறைவு.

இன்னொன்று, இதை நான் மெதுவாகத்தான் உணர்ந்தேன். ஆங்கில நாவல் மாந்தர்கள் எப்படி ஜெபிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு அடுப்பு, குதிரை, பனிக்காலம் எல்லாம் தெரியும். தமிழில் ஜெபிக்கும் ஒருத்தியை, காதலிக்கும் ஒருத்தியை, பொய் சொல்லிவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும் ஒருத்தியை நான் எந்த நாவலிலும் சந்தித்ததில்லை. என் தமிழே ஆலயம் கொடுத்ததுதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு வசதி செய்து தரலாம் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். எங்கள் படிவத்தில் தமிழ் மாணவர்கள் ஒன்பது பேர். ஆகவே ஐந்து ஆண்டுகளும் எனக்குத் தமிழ்ப் பாடநூலாக இருந்தது வேதாகமம். ஹென்றி பவர் குழுவினர் செய்து 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த அந்தத் தமிழில் எனக்குக் கிருபை, நேசம், இரட்சிப்பு எல்லாம் தெரியும். அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு லயத்து வீட்டுச் சமையற்கட்டில் நடப்பதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியாது.

தமிழில் இப்படி ஒரு மரபே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் தமிழ் நாவல் என்று நாம் மனனம் செய்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) மாயவரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்ற கிறிஸ்தவர் எழுதியது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ஜான் பனியனின் கதையைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று காப்பியமே பாடினார். விக்டர் ஹியூகோவின் புகழ்பெற்ற நாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். 1950இல் அது படமாக வந்தபோது, அதில் ஜாவர் என்ற காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன் கடைசிவரை ஜாவர் சீதாராமனாகவே வாழ்ந்தார். திருடனுக்கு வெள்ளிப் பாத்திரத்தை விட்டுக்கொடுக்கும் பாதிரியாரின் கதைக்குத் தமிழர் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். தேவாலயம் போகாதவர்களும் சேர்த்துத்தான்.

ஆனால் நான் தேடியது பல்கலைக்கழகத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில் கிடைத்தது. ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய ‘புத்தம் வீடு’. பர்மாவில் 1925இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்து, 2012இல் மறைந்தவர். 1964இல் வெளிவந்த இது அவருடைய முதல் நாவல். ‘லிஸிஸ் லெகஸி’ என்று ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. பனைமரங்கள் சூழ்ந்த பனைவிளை என்ற ஊர். வாழ்ந்து கெட்ட ஒரு கிறிஸ்தவக் குடும்பம். பெருமையைத் தவிர வேறு சொத்து அதிகம் மிஞ்சாத தாத்தா, குடிகார அப்பா, பருவம் எய்தியதும் வீட்டுக்குள் அடைக்கப்பட்ட லிஸி. அவள் மனம் போவது அந்த வீட்டுப் பனைகளில் ஏறும் குடும்பத்துத் தங்கராஜிடம். பிறகு வீட்டுக்குள் ஒரு கொலை நடக்கிறது; பழி தங்கராஜ் மேல் விழுகிறது. காதல் இருக்கிறது, மர்மம் இருக்கிறது, விசுவாசம் இருக்கிறது, குறையில்லாத மனிதர் ஒருவரும் இல்லை. என் பெட்டியில் இருந்த அத்தனை நாவல்களும் செய்ய முயன்றதைச் சிறிய புத்தகம் ஒன்று அவற்றுக்கெல்லாம் முன்பே செய்து முடித்திருக்கிறது. கொலை செய்தது யார் என்று சொல்லமாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

இந்த நாவலில் என்னை உலுக்கியது கொலை அல்ல. இவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். மனந்திரும்புவதற்கு முந்திய அத்தியாயம் என்று ஒன்று இவர்களுக்குக் கிடையாது. ஜெபமும் செய்கிறார்கள், பனையேறியின் மகனை வீட்டுப் படியேற்றவும் மாட்டார்கள். இத்தனைக்கும் இரு வீட்டாரும் கும்பிடும் கடவுள் ஒன்று, சாதியும் ஒன்றுதான். மரம் வைத்திருப்பவனுக்கும் மரம் ஏறுபவனுக்கும் இடையிலுள்ள தூரம் மட்டும்தான் வேறுபாடு. இங்கே பாவம் யாருடைய பின்கதையிலும் இல்லை. அது சாப்பாட்டு மேசையில், கல்யாணப் பேச்சில், நிகழ்காலத்தில் இருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில் எங்கள் உறவில் ஒரு அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர் விரும்பியவரும் நம் தமிழர், கிறிஸ்தவர், ஞானஸ்நானம் பெற்றவர், நல்ல வேலை. பெரியவர்கள் கேட்ட கேள்வி மலேசியத் தோட்டப்புறத்தில் எல்லாருக்கும் தெரிந்த கேள்விதான்: “அவங்க என்ன ஆளுங்க?” பேச்சு அதோடு நின்றது. அந்த அக்கா இன்னும் ஞாயிறுதோறும் பாடகர் குழுவில் நிற்கிறார். யாரும் இதைச் சாட்சியாகச் சொல்லமாட்டார்கள். யாரும் இதைப் பாவ அறிக்கையாகவும் சொல்லமாட்டார்கள். கப்பலேறி வந்து நான்கு தலைமுறை ஆகியும் நாம் கைப்பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் ஒன்றை ஒரு நாவல் அறுபது ஆண்டுக்கு முன்பே மேசைமேல் எடுத்து வைத்துவிட்டது.

இந்த வகை நாவல்கள் இளம்பெண்களின் மனத்தைக் கெடுக்கும், நிஜக் கணவனிடம் மைக்கேலை எதிர்பார்க்க வைக்கும் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. தமிழ் சினிமாவைவிட அதிகமாகவா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறேன்.

நம் மலையில் கதைக்குப் பஞ்சமில்லை. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று காலையில் அங்குள்ள ஆல் சோல்ஸ் தேவாலய ஆராதனைக்குப் போய் வந்தார். அன்று பிற்பகல் தானா ராத்தா பங்களாவிலிருந்து வெளியே நடந்தவர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் புத்தகமாக எழுதிவிட்டார்கள். அன்று அந்தக் காட்டைத் தேடியவர்களில், அல்லது அந்த வாரம் முழுதும் தேயிலை மலைச்சரிவுகளில் பயந்து பயந்து கொழுந்து கிள்ளியவர்களில், நம் பாட்டிமார் யாராவது இருந்திருக்க மாட்டார்களா? அவர்கள் பார்வையில் அந்த வாரத்தை எழுத யாருக்கும் தோன்றவில்லை. காட்டில் ஆள் தொலைந்த வாரத்தில் லயத்தில் என்ன ஜெபித்தார்கள், எந்தக் கோயிலில் என்ன நேர்ந்துகொண்டார்கள், யார் யாரைச் சந்தேகித்தார்கள் என்று எழுதினால் அதுவே விசுவாச நாவல், அதுவே மர்ம நாவல். சிறுகதைப் போட்டிகளில் பலமுறை வந்துவிட்ட ‘தோட்டத்து ஏழை மாணவன் டாக்டராகிறான்’ என்ற கதைக்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கும்.

பேரவையின் வாசிப்பு வட்டத்துக்கு அடுத்த தவணையில் ‘புத்தம் வீடு’ நாவலை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாஞ்சில் நாட்டு வட்டார வழக்கு முதல் இருபது பக்கங்களில் இடறும், பிறகு பழகிவிடும். என்னிடம் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. அதுவும் இப்போது திரிங்காப்பில், தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய என் அம்மாவிடம். மலையிலிருந்து இறங்கி வந்து, சமைத்து முடித்து, இரவில் மூன்று பக்கம் வீதம் படிக்கிறார். கண்ணாடி மாற்றவேண்டும் என்கிறார். போன வாரம் தொலைபேசியில், லிஸியைப் பூட்டி வைத்த அந்தத் தாத்தா கடைசியில் ஒத்துக்கொள்வாரா மாட்டாரா என்று என்னைக் கேட்டார். நான் சொல்லவில்லை. பெரியப்பாவும் அந்தப் புத்தகத்தைக் கேட்டிருக்கிறாராம். ஆகவே பேரவை நண்பர்கள் தயவுசெய்து நூலகத்தில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். என் பிரதி இந்த ஆண்டுக்குள் மலையிறங்கும் என்று தோன்றவில்லை.