இடம்பெயர்ந்த மாணவனுக்கு இடமில்லையா?

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இந்நாட்டின் மீது வீசிற்று. மலைகள் சரிந்தன; ஆறுகள் கரை கடந்தன. 600 பேருக்கு மேல் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பட்ட பாட்டை எழுத்தில் வடிக்க இயலாது. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சை இடையில் நின்றது. எஞ்சிய வினாத்தாள்கள் 2026 ஜனவரியில் எழுதப்பட்டன. தாயை மண்ணில் புதைத்த பிள்ளையும், வீடு வாசல் ஏதும் இழவாத பிள்ளையும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து ஒரே வினாவுக்கு விடை எழுதினர். இதற்குச் சமத்துவம் என்று பெயராம்!

புதுக்கடை நீதிமன்றப் படிகளில் நாள்தோறும் ஏறி இறங்குபவர்கள் நாம். பேரிடருக்குப் பின்னர் ஒரு நாள் மலையகத் தோட்டத் தொழிலாளி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். மகள் பல்கலைக்கழக மாணவி. லயன் வீடு மண்ணுக்குள் போயிற்று, சான்றிதழ்கள் போயின, புத்தகங்கள் போயின. நிவாரண முகாமிலிருந்து அவள் விரிவுரைக்குப் போக வழியில்லை. “வரவு குறைந்துவிட்டது, பரீட்சை எழுத முடியாது என்கிறார்கள். ஐயா, சட்டத்தில் இதற்கு வழி ஏதும் இல்லையா?” என்று அவர் வினவினார். சட்டம் கற்ற நாம் ஒரு கணம் தலை குனிந்தோம்.

வழி உண்டா? ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னர் பாராளுமன்றம் விழித்தது. 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதே ஆண்டு சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டமும் வந்தது. காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவு செய்யவும், பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பாதுகாக்கவும் வழி செய்யப்பட்டது. நன்று, வரவேற்கிறோம். ஆயின், உயிர் பிழைத்துக் கல்வியை இழந்து நிற்கும் பல்கலைக்கழக மாணவன் எங்கே? 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்திலும் அவனைத் தேடினோம், கண்டோமில்லை. இறந்தவனுக்குச் சான்றிதழ் கொடுக்க வகை செய்த நாடு, இருப்பவனுக்கு ஓர் ஆசனம் கொடுக்க ஏற்பாடு செய்யவில்லை.

“ஏன், உயர் நீதிமன்றம் இருக்கிறதே!” என்பார் சிலர். ஆம், இருக்கிறது. அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. அவ்வுரிமை மீறப்பட்டால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் மனுச் செய்யலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் செய்தாக வேண்டும். முகாமில் ஒரு வேளைச் சோற்றுக்கு வரிசையில் நிற்பவள், ஒரு மாதத்துக்குள் கொழும்புக்கு வந்து, வழக்கறிஞரைக் கண்டு, சத்தியக்கடதாசி முடிக்க வேண்டுமாம்! எல்லாப் படிகளிலும் கல்வி பெறுவதற்குச் சமவாய்ப்பு அளிப்பது அரசின் குறிக்கோள் என்று 27 ஆம் உறுப்புரை அழகாகப் பேசுகிறது. அதைக் கொண்டு நீதிமன்றத்தில் வழக்காட முடியாது என்று 29 ஆம் உறுப்புரை கதவைச் சாத்துகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது இதுவன்றோ?

பிற நாட்டார் என் செய்தனர்? 2005 ஆகஸ்ட் 29 அன்று ‘கத்ரீனா’ சூறாவளி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை நீரில் ஆழ்த்திற்று. அங்குள்ள துலேன் பல்கலைக்கழகம் ஒரு பருவம் முழுவதும் மூடிக் கிடந்தது. அந்நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்கள் அம்மாணவர்களை விருந்தின மாணவர்களாக ஏற்றன. பல இடங்களில் மேலதிகக் கட்டணம் கேட்கப்படவில்லை. அங்கே கற்ற பாடங்கள் தாய்ப் பல்கலைக்கழகத்தில் கணக்கில் கொள்ளப்பட்டன. 2006 ஜனவரியில் துலேன் மீண்டும் திறந்தபோது மாணவர் பெரும்பாலோர் வீடு திரும்பினர். அமெரிக்க அரசு அந்நகர மக்களைக் கைவிட்ட கொடுமையை உலகம் அறியும். அதைப் புகழ நாம் வரவில்லை. அரசு தவறிய இடத்திலும் பல்கலைக்கழகங்கள் தவறவில்லை என்பதையே சுட்டுகிறோம்.

இங்கே இதைச் சொன்னால் உடனே எழும் மறுப்பு, “தகுதி குலைந்துவிடும்” என்பது. எந்தத் தகுதி? இவர்கள் பின்கதவால் நுழைய வந்தவர்கள் அல்லர். நாட்டின் கடும் போட்டியில் வென்று ஏற்கெனவே தெரிவானவர்கள். இவர்கள் கேட்பது மற்றவனின் ஆசனத்தை அன்று. தமக்குரிய ஆசனம் சேற்றில் கிடக்கும் காலம் வரை, அமர்ந்து கற்க ஒரு வாங்கு.

“பொய் சொல்லிப் பலர் நுழைவர்” என்பது அடுத்த மறுப்பு. மாணவனின் பெயரும் பெறுபேறும் அவனுடைய பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் உள்ளன. அவனது வீடு அழிந்ததைக் கிராம உத்தியோகத்தர் அறிவார். இவ்விரண்டும் போதாவா? மண்ணுக்குள் புதைந்த மூலச் சான்றிதழைத் தோண்டி எடுத்து வரச் சொல்வது நிர்வாகமா, பரிகாசமா?

இனி, அனுமதிக்காகக் காத்திருப்போரைப் பார்ப்போம். இந்நாட்டின் அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை. 55 வீதம் மாவட்ட அடிப்படை. 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாணவன் எம்மாவட்டத்தான் என்பதை, பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகளில் அவன் கற்ற பாடசாலை கொண்டு தீர்மானிக்கிறார்கள். பதுளையில் வீட்டை இழந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் ஒதுங்கி, ஈராண்டு இங்கே கற்றுப் பரீட்சை எழுதும் பிள்ளை எம்மாவட்டத்தைச் சேர்ந்தவள்? கொழும்பின் உயர்ந்த வெட்டுப்புள்ளிக்கு அவளைத் தள்ளுவீர்களா? புயல் வீட்டைப் பறித்தது. விதி மாவட்டத்தையும் பறிக்க வேண்டுமா?

மாவட்ட ஒதுக்கீட்டை எதிர்த்த வழக்கில் 1980 இல் உயர் நீதிமன்றம், சமமற்றவர்களின் நிலையைச் சீர் செய்யும் ஏற்பாடு சமத்துவத்துக்கு மாறானதன்று என்ற நோக்கில் அவ்வொதுக்கீட்டை ஏற்றது. தமிழ் மாணவர்க்கு அவ்வொதுக்கீடு இழைத்த அநீதியை நாம் மறந்தோமல்லோம். எனினும் ஒன்று கேட்கிறோம்: மாவட்டத்தின் பெயரால் சலுகை வழங்கச் சட்டம் இடந்தருமாயின், பேரழிவின் பெயரால் வழங்க இடந்தராதா?

நாம் கேட்பவை நான்கே. முதலாவது, பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதியின் மாணவரை எந்தப் பல்கலைக்கழகமும் ஒரு பருவத்துக்கேனும் விருந்தின மாணவராக ஏற்க வேண்டும். அவர்தம் பதிவு தாய்ப் பல்கலைக்கழகத்திலேயே நிலைக்க வேண்டும். இன்றேல் பாதிக்கப்பட்ட பல்கலைக்கழகம் மாணவரை இழந்து மேலும் நலியும். இரண்டாவது, இடம்பெயர்ந்த பரீட்சார்த்தியின் சொந்த மாவட்டம் மாறாதிருக்க வேண்டும். மூன்றாவது, விடுதியும் உணவும் உடன் வழங்கப்பட வேண்டும். நான்காவது, தமிழில் கற்பவர் தமிழில் கற்பிக்கும் பீடத்துக்கே அனுப்பப்பட வேண்டும். மொழி புரியாத மண்டபத்தில் அமர்த்துவது இடமளிப்பதாகாது.

இவை துணைவேந்தரின் கருணையாக வரலாகா. ஆள் மாறினால் கருணையும் மாறும். மானியங்கள் ஆணைக்குழு நிரந்தர விதியாக எழுத வேண்டும். பாராளுமன்றம் அதைச் சட்டமாக்க வேண்டும்.

1978 நவம்பர் 23 அன்று சூறாவளி மட்டக்களப்பைத் தரைமட்டமாக்கிற்று. மூன்றாண்டு கழியுமுன், 1981 ஆகஸ்டில், அம்மண்ணிலேயே வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது. அதுவே இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகம். அழிந்த மண்ணிலும் கல்வி எழும் என்பதற்குச் சான்று நம் கண்முன் நிற்கிறது. எழுப்புவதற்கு மனம் வேண்டும்.

அந்தத் தந்தைக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. “சட்டத்தில் வழி இல்லை” என்பதே உண்மை விடை. அவ்விடையை மாற்றும் கடமை அரசாங்கத்தினது. மாற்றுமாறு கேட்கும் கடமை நம் எல்லோரதும். அடுத்த மழை நமது தீர்மானத்துக்காகக் காத்திராது.