பெயரில் இருக்கிறது செம்பு

‘தாமிரபரணித் தண்ணீரிலேயே செம்பு இருக்கிறது, அதைச் செம்புக் குடத்தில் ஊற்றிக் குடித்தால் இன்னும் விசேஷம், கூடினாலும் உடம்பு பார்த்துக்கொள்ளும்’ என்கிறார் நண்பர். அண்ணாச்சி, பெயரை வைத்து வேதியியல் பேச முடியாது. தாம்ரம் என்றால் சிவப்பும்தான்; பழம்பெயரோ பொருநை.

செம்பு தேவை என்பது சரி. ‘எவ்வளவும்’ என்பதுதான் தவறு. ரொட்டி ஈஸ்ட்டைப் பாருங்கள். செம்பு குறைந்தால் ‘மேக்1’ புரதம் ஆணையிட, ‘சிடிஆர்1’ என்ற வாசல் பெருகுகிறது. மிஞ்சினால் ‘ஏஸ்1’ விழித்து, ‘கப்1’ புரதத்தைச் செய்யவைத்து, உபரிச் செம்பைக் கட்டிப்போடுகிறது. செம்பு அறவே இல்லையென்றால் ‘ஃபெட்3’ நொதி முடங்கும். அந்த வழியில் இரும்பும் உள்ளே வராது. ஒற்றைச் செல்லுக்கே இத்தனை காவல்!

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் செம்பு வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். புளிப்பு பட்டால் செம்பு கரையும். அதனால்தான் நம் ஆச்சிகள் ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கவில்லை. அளவு அவர்களுக்கும் தெரியும், ஈஸ்ட்டுக்கும் தெரியும். நமக்குத்தான் மறந்துவிட்டது.