பிறப்பால் அளக்கப்படும் கருத்து: தாமஸ் பெயினும் இந்திய வாசகர்களும்

உரிமை என்பதே மேலைநாட்டுச் சரக்கு, இம்மண்ணின் மரபு கடமையையே போற்றியது என்னும் வாதம் கருத்தரங்குகளில் மீண்டும் மீண்டும் எழுகிறது. அவ்வாதத்தில் தாமஸ் பெயினுக்குக் கிடைப்பது அமெரிக்கப் புரட்சிக்கான துண்டுநூல் எழுதியவர் என்ற ஒற்றை வரி. அவரை வாசித்த இந்தியர்களுக்கு அதுவும் இல்லை. மேற்கில் மயங்கியவர்கள் என்ற முத்திரைதான்.

பெயின் சொன்னது என்ன? 1790இல் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து எழுதினார். முன்னோர் விட்டுச்சென்ற அரசமைப்பு வழிவழி வந்த சொத்து, பின்வந்தோர் அதைத் தம் விருப்பப்படி கலைத்துவிடலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு மறுப்பாக 1791இல் வெளிவந்தது பெயினின் 'மனிதனின் உரிமைகள்'. வாழ்வோரைக் கட்டிப்போடும் அதிகாரம் மாண்டோருக்கு இல்லை; ஒவ்வொரு தலைமுறையும் தன் ஆட்சியைத் தானே அமைத்துக்கொள்ளலாம்; பரம்பரைக் கணித அறிஞர் என ஒருவர் இருக்க முடியாதது போலவே பரம்பரைச் சட்டமியற்றுவோரும் இருக்க முடியாது. இந்நூலின் இரண்டாம் பாகத்துக்காக 1792இல், அவர் பிரான்சில் இருந்தபோதே, ஆங்கிலேய நீதிமன்றம் அவரை அரச நிந்தனைக் குற்றவாளியாக்கியது.

மேற்கு இந்தியாவுக்கு அனுப்பிவைத்த சரக்கு என்று இவரைச் சொல்வோர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஆங்கில அரசு விரட்டிய எழுத்தாளர் இவர். இராபர்ட் கிளைவ் இந்தியாவில் இழைத்த கொடுமைகளைச் சாடி 1775இலேயே அமெரிக்க இதழொன்றில் எழுதியவர். 1830 வாக்கில் கல்கத்தாவில் ஹென்றி டிரோசியோவின் மாணவர்கள் பெயினின் 'பகுத்தறிவின் காலம்' நூலைத் தேடித் தேடி வாங்கியபோது கலங்கியவர்களுள் ஸ்காட்லாந்து மதபோதகர் அலெக்சாண்டர் டஃபும் ஒருவர். மதபோதகர் அஞ்சிய அந்நூலை மாணவர்கள் தம் கைக்காசு கொடுத்து வாங்கினர். யாரும் அவர்கள்மீது திணிக்கவில்லை.

புனேயில் ஜோதிராவ் பூலே 'மனிதனின் உரிமைகள்' நூலை வாசித்தது ஏறத்தாழ இருபது வயதில். பிறப்பின் பெயரால் இழிவுபடுத்தப்படுவது என்னவென்று அவருக்கு எந்த நூலும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அனுபவத்தை வாதமாக்கும் கருவி அவருக்குத் தேவைப்பட்டது. அதைப் பெயினிடம் கண்டார். 1848இல் சாவித்திரிபாயுடன் சேர்ந்து பெண்குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1873இல் 'குலாம்கிரி' நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் சத்தியசோதக் சமாஜத்தை நிறுவினார். பெயின் எதிர்த்தது பரம்பரை மன்னனையும் பரம்பரைப் பிரபுவையும். பூலே அக்கேள்வியைப் பரம்பரைப் புரோகிதத்தின் மீதும், பரம்பரையாகச் சுமத்தப்பட்ட இழிவின் மீதும் திருப்பினார். பெண்களின் உரிமை பெயினின் அந்நூலில் மையம் பெறவில்லை. பூலே இணையரின் பொதுப்பணி அங்கேதான் தொடங்கியது. மூல ஆசிரியர் நின்ற இடத்தைக் கடந்து சென்றவரை நகல் என்பது வாசிப்பு ஆகாது.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரையிலும் இச்சிந்தனை ஒலிக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தனித்தேசம் போன்றது, அடுத்த தலைமுறையைக் கட்டுப்படுத்தும் உரிமை அதற்கு இல்லை என்ற ஜெஃபர்சனின் கருத்தை அவர் அங்கே எடுத்துக்காட்டினார். ஜெஃபர்சன் பெயினின் நண்பர். இந்திய அரசமைப்பைத் திருத்தும் வழி ஏன் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு அன்று தரப்பட்ட நியாயம் அது.

மரபின் காவலர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நீண்டகாலம் நிலைத்ததாலேயே ஓர் ஏற்பாடு நியாயம் பெறுகிறது என்று அவர்கள் வாதிடும்போது, அறிந்தோ அறியாமலோ பர்க்கின் மொழியையே பேசுகின்றனர். அவர் மட்டும் எந்த ஊர்க்காரர்? கடல் கடந்து வந்த இரண்டு கருத்துகளுள் ஏற்றத்தாழ்வைக் காப்பதற்குக் குடியுரிமை, அதைக் கேள்வி கேட்பதற்கு மட்டும் அந்நிய முத்திரை. இங்கே நடப்பது பூர்வீக ஆராய்ச்சி அன்று, தரப்புத் தேர்வு.

மனிதனை எந்தக் குடியில் பிறந்தான் என்று கேட்டு அளந்த பழக்கமே இன்று கருத்தையும் எந்த நாட்டில் பிறந்தது என்று கேட்டு அளக்கிறது. பெயினை எதிர்ப்பவர்கள் தாராளமாக எதிர்க்கட்டும். அவர் வாதத்தில் பிழை காட்டட்டும். அவர் பிறந்த ஊரைச் சுட்டிக்காட்டுவது மட்டும் மறுப்பாகிவிடாது.