பட்டு என்று முடியும் ஊர்

அயல் தேசங்களிலிருந்து நம் நாட்டைப் பார்க்க வருகிறவர்களில் பலர் திருவண்ணாமலையைப் பிரயாணத்தின் கடைசி இரண்டு நாட்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள். இதற்குப் பக்தி மட்டும் காரணமன்று. சென்னை விமான நிலையத்துக்கு இங்கிருந்து நாலைந்து மணி நேரத்தில் போய்விடலாம். வாங்கிய பட்டும் பித்தளையும் பெட்டியில் நிரம்பிவிட்டன, கால்கள் ஓய்ந்துவிட்டன. பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் கொண்ட கீழைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையை ஆட்டோவில் சுற்றி, ரமணாசிரமத்தில் அரை மணி உட்கார்ந்தால் போதும், மனத்துக்கு நிறைவாகப் புறப்பட்டுவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். நாமும் இதைக் குறை சொல்வதில்லை. 1896 செப்டம்பரில் வந்த ஓர் இளைஞர் 1950 ஏப்ரலில் சித்தி அடையும் வரையில் இந்த ஊரை விட்டு நகரவேயில்லை. எல்லோரும் அப்படி இருக்க முடியுமா?

சென்ற மார்கழியில் தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் நகரத்திலிருந்து ஒரு தம்பதிகள் வந்திருந்தார்கள். இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தஞ்சாவூர், மதுரை, இராமேசுவரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மூன்றாம் நாள் இரவு விமானம். அவர்கள் தங்கியிருந்த விடுதிக்காரர், "இதைப் படித்துச் சொல்ல ஒரு வாத்தியார்தான் வேண்டும்" என்று நம்மிடம் அழைத்து வந்தார். அந்தப் பெரியவரின் கையில் ஒரு காகிதம் இருந்தது.

அது 1898-ஆம் வருஷத்துக் கப்பல் ஜாபிதாவில் ஒரு வரியின் நகல். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் இத்தகைய வரி ஒன்று உண்டு. ஒரு நம்பர், பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம், உயரம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து போன முதல் கப்பல் டர்பனில் கரை தட்டியது முதல் 1911 வரையில் போனவர்கள் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்துக்குச் சற்று மேல். அவர்களில் பெரும் பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஆட்களைக் கரும்பு வெட்ட அழைத்துப் போனவர்கள் கணக்கு எழுதுவதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை!

பெரியவரின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்போது வயது இருபது. இடது முழங்கையில் தழும்பு. ஜில்லா தென்னாற்காடு, தாணா திருவண்ணாமலை. கிராமத்தின் பெயரில் முதற் பாதி மை ஊறி மறைந்து போயிற்று. பிற்பாதி 'பட்டு'.

தென்னாற்காடு என்று இருந்ததால் யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு, முதல் நாள் முழுவதையும் இவர்கள் கடலூரில் கழித்திருந்தார்கள். அங்கே, "திருவண்ணாமலை எங்கள் ஜில்லா அல்லவே" என்று பதில் வந்ததாம். சொன்னவர் மீது தப்பில்லை. 1898-இல் திருவண்ணாமலைத் தாலூகா தென்னாற்காட்டில்தான் இருந்தது. 1911-இல் சித்தூர் ஜில்லா பிரிந்தபோது வட ஆற்காட்டோடு சேர்ந்தது; 1989-இல் தனி ஜில்லாவாயிற்று. சர்க்கார் கோடு இரண்டு முறை மாறியிருக்கிறது. கப்பல் ஏறியவனுடைய காகிதத்தில் பழைய கோடு அப்படியே நிற்கிறது. இதைச் சொன்னதும் பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மாளோ, "நல்ல வேளை, கடலில் குளித்தோம்" என்று சிரித்தார்.

எஞ்சியிருந்தவை இரண்டு பகல்கள். அவற்றை எப்படிச் செலவிடுவது என்பதில் தம்பதிகளுக்குள் அபிப்பிராய பேதம். அந்த அம்மாள் முதல் நாள் கோயிலையும் மறுநாள் நடந்தே கிரிவலத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். "முகம் தெரியாத ஊரைத் தேடிக் கண்ணெதிரே இருக்கும் மலையை விடுவதா?" என்பது அவர் கட்சி. பெரியவரோ 'பட்டு' என்று முடியும் ஊர்களின் பட்டியலைக் கேட்டார். நமக்கு நகைப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். தண்டராம்பட்டு, தச்சம்பட்டு, பள்ளிகொண்டாப்பட்டு என்று விரலை மடக்கத் தொடங்கினால் இந்தச் சீமையில் இரண்டு கை விரல்கள் போதமாட்டா.

"அப்பா ஏன் வந்து தேடவில்லை?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் நமக்குச் சுருக்கென்றது. அவருடைய தகப்பனார் வாலிபராக இருந்தபோது, 1946-இல், நம் தேசம் தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை நிறுத்திக்கொண்டது. அங்குள்ள நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து உலகத்திலேயே முதன்முதலாக அப்படிச் செய்த தேசம் நாம் என்று நாம் பெருமை கொள்கிறோம், கொள்ளவும் வேண்டும். இரு தேசங்களுக்கும் மறுபடி உறவு ஏற்பட்டது 1993-இல். இடையில் நாற்பத்தேழு வருஷங்கள். நாம் மூடிய கதவுக்கு அந்தப் புறத்தில் நம்மவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை நம் பாடப் புத்தகங்களில் நாம் படித்ததில்லை.

அதற்கு முந்திய தலைமுறை திரும்பி வராததற்குக் காரணம் வேறு. முதல் வருஷக் கூலி மாதம் 10 ஷில்லிங்; பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்து, மீண்டும் கூலியாகாமலும் ஊர் திரும்பாமலும் சுதந்திரமாக அங்கேயே தங்க விரும்பினால், 1895-ஆம் வருஷச் சட்டப்படி ஆண்டுதோறும் தலைக்கு 3 பவுன் வரி. அதாவது, முதல் வருஷச் சம்பளத்தில் ஆறு மாதக் கூலி. பின்னர், பதினாறு வயதுப் பிள்ளைக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் கூட அந்த வரி உண்டு என்றார்கள். 1913-இல் காந்தியடிகள் நடத்திய போராட்டத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறியதும், 1914-இல் அந்த வரி ஒழிந்ததும் நேயர்கள் அறிந்தவையே. சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரியில் உயிர் நீத்த வள்ளியம்மையின் பெயரோடு தில்லையாடி என்ற ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேலைநிறுத்தம் செய்த மற்றவர்களுக்கும் ஊர்கள் இருந்தன.

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. முதல் நாள் ஊர்கள். இரண்டாம் நாள் விடியற்காலையில் கிரிவலம், பிறகு கோயில். வாடகைக் காரில் நாமும் ஏறிக்கொண்டோம். பள்ளிக்கூடத்துக்கு அன்று விடுமுறை.

மூன்று ஊர்களுக்குப் போனோம். போன இடத்திலெல்லாம் மோர் கிடைத்தது; கொள்ளுத்தாத்தா கிடைக்கவில்லை. முதல் ஊரில் ஒரு கிழவர், "கப்பலுக்குப் போனவங்களா? எங்க ஊர்ல ரங்கூனுக்குத்தான் போனாங்க" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது ஊரில் திரௌபதி அம்மன் கோயிலும், அதற்கு எதிரே தீமிதித் திடலும் இருந்தன. அவ்வளவு நேரம் காரை விட்டு இறங்காமலிருந்த அந்த அம்மாள் இறங்கி நடந்து போய், திடலின் நடுவில் நின்றார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் ஒவ்வொரு வருஷமும் பெரிய வெள்ளியன்று தீ மிதிக்கிறார்கள் என்றும், தாமும் சிறு பெண்ணாக மிதித்ததுண்டு என்றும் சொன்னார். தோட்ட முதலாளிகள் விடுமுறை கொடுத்த நாள் அதுதான்; அம்மனும் அந்த நாளுக்கு ஒத்துக்கொண்டாள். தமிழில் பத்து வார்த்தை கோவையாகப் பேச வராத அந்த அம்மாள், தீக்குழி எந்தத் திசை நோக்கி இருக்க வேண்டும், பால் குழி எங்கே வரவேண்டும் என்று காட்டினார். ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். "ஆமாம்மா, அப்படித்தான்!" என்றார்கள். அதன் பிறகு பட்டியல் அந்த அம்மாளின் கைக்குப் போயிற்று. அடுத்த ஊருக்கு நேரமாகிறதென்று கணவரை அவர்தாம் விரட்டினார்.

மூன்றாவது பள்ளிகொண்டாப்பட்டு. மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் இங்கே எழுந்தருளி, வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஹொய்சள மன்னன் அவன். பிள்ளையில்லாத அரசனுக்கு இறைவனே பிள்ளையாக இருந்து கடன் செய்கிறார் என்பது ஐதிகம். ஆற்றங்கரையில் நின்று இதைச் சொன்னபோது பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நாள் தெரியாதவர்களுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். புரட்டாசியில் மகாளய அமாவாசை இருக்கிறதே என்றோம். கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் கிரிவலத்தில் பாதியிலேயே பெரியவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அந்த அம்மாள் மட்டும் நடந்து முடித்தார். கோயிலில் அர்ச்சனைக்கு நின்றபோது குருக்கள் வழக்கம்போல், "கோத்திரம்?" என்று கேட்டார். தம்பதிகள் நம் முகத்தைப் பார்த்தார்கள். நாம் வாய் திறப்பதற்குள் குருக்களே, "சிவ கோத்திரம்" என்று சொல்லிக்கொண்டு மேலே போனார். கூட்டம் நெருக்கிற்று. அந்த நகலைப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தட்டில் வெற்றிலைக்கு அடியில் வைத்தார். குருக்கள் அதைப் பார்த்தும் பாராதவர்போல் தட்டை உள்ளே கொண்டு போனார். விபூதியோடு அது திரும்பி வந்தது.

மாலை நாலு மணிக்குப் புறப்பட்டுவிட்டார்கள். காகிதத்தின் பிரதி ஒன்று நம்மிடம் இருக்கிறது. திருவண்ணாமலைப் பழைய தாலூகாவில், 'பட்டு' என்று முடியும் ஏதேனும் ஓர் ஊரில், இடது முழங்கையில் தழும்புள்ள இருபது வயதுப் பிள்ளை 1898-இல் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வரவில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்ட குடும்பம் இருந்தால், இந்தப் பத்திரிகையின் விலாசத்துக்கு நமக்கு ஒரு கார்டு எழுதலாம். அவன் பெயரும் தகப்பனார் பெயரும் காகிதத்தில் தெளிவாகவே இருக்கின்றன. எழுதுகிறவர்கள் அவற்றைத் தாங்களே முதலில் குறிப்பிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.