நகை வாங்குமுன் வீட்டிலேயே அளந்து பாருங்கள்



தை, மாசி மாதங்கள் எங்கள் பக்கத்தில் காலபோக அறுவடைக் காலம். கையில் நாலு காசு வருவதும் அப்போதுதான். நெல் விற்ற காசில் மகளுக்கு ஒரு சங்கிலி, ஒரு சோடித் தோடு, முடிந்தால் ஒரு காப்பு என்று வாங்கி வைப்பது வன்னித் தாய்மாரின் வழக்கம். அந்த நகை பிள்ளையின் கழுத்தில் கிடக்கும் நாட்களைவிட அடைவில் கிடக்கும் நாட்களே பல வீடுகளில் அதிகம். விதைநெல்லுக்கும் பசளைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அவசர வைத்தியத்துக்கும் அதுதான் கைகொடுக்கிறது.

இப்படிப்பட்ட நகையை அளவு பார்க்காமல் வாங்கினால் என்ன நடக்கும்? இறுக்கமான மோதிரம் பெட்டிக்குள் கிடக்கும். தளர்ந்த மோதிரம் களை பிடுங்கும்போது வயலுக்குள்ளோ, தண்ணீர் அள்ளும்போது கிணற்றுக்குள்ளோ போய்விடும். அளவை மாற்றக் கொடுத்தால் வெட்டி ஒட்ட வேண்டும்; அதற்கும் கூலி உண்டு. கொடுத்துவிட்டு வேறு வாங்கப் போனாலோ, முதல் நகைக்குக் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது. புதியதற்கு மறுபடியும் இரண்டையும் கொடுக்க வேண்டும். அளவு பிழைத்தால் குறைவது எங்கள் சேமிப்பு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மல்லாவியிலும் முள்ளியவளையிலும் விசுவமடுவிலும் இருக்கும் பெண்கள் பலருக்கு, நகை போடப்போகிறவரே கடைக்குப் போவது எப்போதும் முடிவதில்லை. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்கோ தகப்பனோ தமையனோ போய் வருவார். சில வேளை கொழும்பு செட்டியார் தெருவுக்குப் போகும் உறவினரிடம் காசு கொடுத்துவிடுவோம். லண்டனில், கனடாவில் இருக்கும் சகோதரி அங்கிருந்தே வாங்கி அனுப்புவதும் உண்டு. அவர்கள் கையில் எங்கள் அளவு எழுதிய துண்டு ஒன்று இருக்க வேண்டும். அதை வீட்டிலேயே எடுக்கலாம். பிள்ளையின் அடிமட்டம், கொப்பித்தாள், பேனை, கத்தரிக்கோல் ஆகியவை போதும்.

முதலில் மோதிரம். நூலால் அளக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. ஆனால் நூல் இழுபடும். சற்று இழுத்துப் பிடித்தாலே அளவு மாறிவிடும். கொப்பித்தாளில் அரை சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு கீலம் வெட்டுங்கள். விரலின் அடியில் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் பேனையால் கோடு போட்டு, விரித்து மில்லிமீற்றரில் அளவுங்கள். இது விரலின் சுற்றளவு. இதனை 3.14 ஆல் வகுத்தால் மோதிரத்தின் உள்விட்டம் வரும். உதாரணமாக, சுற்றளவு 53 மில்லிமீற்றர் என்றால் உள்விட்டம் ஏறக்குறைய 17 மில்லிமீற்றர். உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய மோதிரம் ஒன்று இருந்தால் அதை அடிமட்டத்தின்மேல் வைத்து உள்விட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாலு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, விரல் வெயிலுக்கும் வேலைக்கும் வீங்கும், குளிருக்கு ஒடுங்கும். மார்கழி விடியற்காலையில் அளந்தால் பங்குனி வெயிலில் மோதிரம் இறுக்கும். ஆகவே பின்னேரத்தில், இரண்டு மூன்று நாள் அளந்து பாருங்கள். இரண்டு, மொளியில் தனியாக அளவு எடுங்கள். மொளி பெரிதாக இருந்தால் இரண்டு அளவுக்கும் இடைப்பட்ட அளவைச் சொல்லுங்கள். மூன்று, இடது கையும் வலது கையும் ஒரே அளவல்ல. வேலை செய்யும் கை சற்றுப் பருமனாக இருக்கும். எந்தக் கை, எந்த விரல் என்று எழுதுங்கள். நாலு, பட்டையான மோதிரம் மெல்லிய மோதிரத்தைவிட இறுக்கமாக இருக்கும்; அதற்குச் சற்றுக் கூட வைத்துச் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மார் அந்தக் காலத்தில் விரல் அளவு எடுக்க வேண்டாம். போட்டிருக்கும் மோதிரம் இறுகத் தொடங்கினால் உடனே கழற்றி வையுங்கள். கழற்ற வராவிட்டால் கையைச் சற்று நேரம் உயர்த்திப் பிடித்து, சவர்க்காரமோ தேங்காயெண்ணெயோ பூசி, மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். விரல் நிறம் மாறினாலோ விறைத்தாலோ வைத்தியசாலைக்குப் போய் மோதிரத்தை வெட்டுவிப்பதே நல்லது. மோதிரத்தை ஒட்டலாம், விரலை ஒட்ட முடியாது. திடீரென முகமும் கையும் வீங்கினால் குடும்பநல உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் வாங்குவதாக இருந்தால் இலக்கத்தைச் சொல்லாதீர்கள். பிரித்தானியாவில் மோதிர அளவை எழுத்துகளால் குறிப்பார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் இலக்கங்களால் குறிப்பார்கள். சர்வதேச தரநிர்ணய அமைப்பின் முறையோ உட்சுற்றளவை மில்லிமீற்றரில் குறிக்கிறது. “உட்சுற்றளவு 53 மில்லிமீற்றர்” என்று சொன்னால் எந்த நாட்டுக் கடைக்காரருக்கும் விளங்கும்.

அடுத்தது காப்பு. இதற்கு மணிக்கட்டை அளப்பது பிழை. பூட்டு இல்லாத காப்பு மணிக்கட்டுக்குப் போகுமுன் கைப்பொருத்தைத் தாண்ட வேண்டும். காப்புப் போடும்போது செய்வதுபோலப் பெருவிரலைச் சின்னவிரல் பக்கமாக மடித்துக்கொண்டு, கையின் மிக அகன்ற இடத்தைச் சுற்றி அளவு எடுங்கள். அதையும் 3.14 ஆல் வகுக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து வரும் காப்புகளில் 2.4, 2.6, 2.8, 2.10 என்று எழுதியிருக்கும். இதைத் தசமம் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது அங்குலத்தின் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நாலு பங்கும். அதாவது இரண்டேகால் அங்குல உள்விட்டம், 57 மில்லிமீற்றர். 2.6 என்றால் 60 மில்லிமீற்றர், 2.8 என்றால் 63.5 மில்லிமீற்றர். 2.10 இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. ஏறக்குறைய 67 மில்லிமீற்றர். உங்கள் கையின் சுற்றளவு 195 மில்லிமீற்றர் என்றால் விட்டம் 62 வரும். 2.6 போகாது, 2.8 வாங்க வேண்டும். கணக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தால், நன்றாகப் போய் வரும் கண்ணாடிக் காப்பு ஒன்றைத் தாளில் வைத்து உட்பக்கமாக வட்டம் கீறி அனுப்புங்கள்.

சங்கிலிக்கு நூல் பொருத்தமானது. 16, 18, 20, 24 அங்குலங்களில் நூல் வெட்டி, கழுத்தில் கட்டி, கண்ணாடி முன் நின்று எது எங்கே விழுகிறது என்று பாருங்கள். பென்ரன் போடுவதானால் அதையும் கோர்த்துப் பாருங்கள். இங்கே நீளம் என்பது காசு. ஒரே தடிப்பில் 18 அங்குலச் சங்கிலி ஒரு பவுண், அதாவது 8 கிராம் என்றால், அதே சங்கிலி 20 அங்குலத்தில் ஏறக்குறைய 8.9 கிராம் வரும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு பவுணில் ஒன்பதில் ஒரு பங்கு கூடுகிறது. அன்றைய பவுண் விலையில் அது எவ்வளவு என்று வீட்டில் கணக்குப் பார்த்துவிட்டுப் போனால், கடையில் தடுமாற வேண்டியதில்லை. காசுக்குள் அடக்க வேண்டும் என்று நீளத்தைக் கூட்டித் தடிப்பைக் குறைத்தால் சங்கிலி விரைவில் அறும்.

வீட்டில் அளப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போனபோது ஒரு அக்காவைச் சந்தித்தேன். 2009இல் ஷெல் பட்ட வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கா. தம்பி மோதிரம் வாங்கித் தருகிறேன் என்று பல முறை கேட்டும் அவர் மறுத்துவிட்டார். “கடையில கையை நீட்டினால் எல்லாரும் பாப்பினம், என்ன நடந்தது எண்டு கேப்பினம்” என்றார். அன்று அவருடைய மகள் தாள்க்கீலத்தால் அளவு எடுத்தாள். விரலடியில் 55, மொளியில் 61 மில்லிமீற்றர். இவ்வளவு வித்தியாசம் இருந்தால் மூடிய வளையம் சரிவராது. இரண்டு முனையும் ஒட்டாத திறந்த வளையமாகச் செய்யும்படி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அக்கா இப்போது அந்த மோதிரத்துடன்தான் கூட்டங்களுக்கு வருகிறார். காயப்பட்ட கை உள்ள பெண்கள் எங்கள் ஊர்களில் அதிகம். அவர்களுக்கும் விரும்பியதைப் போட ஆசை இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எடுத்த அளவுகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். நகை வாங்கிய பிறகு அதே பக்கத்தில் நிறை, கரட், திகதி, கல்லின் நிறை என்பவற்றையும் எழுதி, பற்றுச்சீட்டை ஒட்டி, கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். 22 கரட் நகை என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் இருக்க வேண்டும். 916 என்ற பொறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அடைவு வைக்கும்போது வங்கி எழுதும் நிறையையும், மீட்கும்போது உள்ள நிறையையும் ஒப்பிட இந்தப் பக்கம் உதவும்.

யுத்தத்தின் இறுதிக் காலத்தில் வடக்கு கிழக்கில் மீட்கப்பட்ட தங்க, வெள்ளிப் பொருட்களை 2025 மே மாதத்தில் இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. அந்தச் செய்தி வந்த நாட்களில் முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: “பாத்தால் என்ர காப்பை எனக்குத் தெரியும், பிள்ளை. எழுத்தில காட்டத்தான் ஒண்டும் இல்லை.” இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்தவர்களிடம் அன்று எந்தக் கடதாசியும் மிஞ்சவில்லை. இன்று வாங்கும் நகைக்காவது எழுத்து இருக்கட்டும். கொப்பியின் பிரதியொன்றை நம்பிக்கையான சகோதரியிடமும் கொடுத்து வையுங்கள்.

இந்த மாதச் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு அடிமட்டமும் கொப்பித்தாளும் கொண்டு போங்கள். ஒருவருக்கொருவர் அளவு எடுத்துக் கொடுங்கள். அடுத்த மாதம் அடைவுச் சீட்டை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம்.